மாரிகாலத்து வள்ளமும் அதன் சொற்களும்
இலங்கைத்துறை முகத்துவாரத்தில் இரண்டு நாட்கள்

திருகோணமலையிலிருந்து தெற்கே மட்டக்களப்பு நோக்கிப் போகும் ஏ-15 வீதி, தண்ணீரைக் கடந்து கடந்து போகும் வீதி. முதலில் கிண்ணியா. பிறகு உப்பாறு, கங்கை, இறால்குழி. மூதூரைத் தாண்டினால் வெருகல். இந்த இடங்களில் முன்னர் பாலங்கள் இருக்கவில்லை. பாதை என்று நாம் சொல்லும் மிதவைதான் இருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி, பாதையில் ஏறி, அக்கரையில் மீண்டும் பஸ் பிடித்த காலத்தை எங்கள் தாய்மார் இன்றும் சொல்வார்கள். 2009 ஒக்டோபரில் ஏறத்தாழ 400 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. போர் முடிந்த பின் வந்த சில ஆண்டுகளில் மற்ற இடங்களிலும் பாலங்கள் வந்தன. இப்போது ஒரே பஸ்ஸில் வெருகல் வரை போகலாம்.

ஆனால் பாலம் வந்ததால் வள்ளம் போய்விடவில்லை. பிரதான வீதியை விட்டு ஈச்சிலம்பற்றில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் திரும்பினால் இது தெரியும். பூநகர், வட்டவன், புன்னையடி என்று போகும் சிற்றூர்களின் வரிசையில் இலங்கைத்துறையும் இலங்கைத்துறை முகத்துவாரமும் இருக்கின்றன. இவை வெருகல் பிரதேச செயலாளர் பிரிவுக்குள் வருபவை. ஒருபுறம் வங்காள விரிகுடா, மறுபுறம் உல்லைக்கழி என்னும் களப்பு. கழியின் நீர் கடலில் விழும் வாய்தான் முகத்துவாரம். முகத்துவாரத்தருகே உள்ள குன்றும் அதைச் சூழ்ந்த பகுதியும் இன்று லங்கா பட்டுன என்ற சிங்களப் பெயராலும் அறியப்படுகின்றன. புத்தரின் புனிதப் பல் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டபோது கரையிறங்கிய துறை இதுவே என்று பௌத்த மரபு சொல்கிறது. எந்தப் பெயரால் அழைத்தாலும் 'துறை' என்பதே இந்த ஊரின் அடையாளம். தோணி வந்து நிற்கும் இடம் என்பது அதன் பொருள்.

பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் வாழ்வாதாரம் பற்றிய விபரங்களைச் சேகரிப்பதற்காக 2023 மார்கழி மாதம் நான் அங்கு போயிருந்தேன். சமூகவியல் படித்தவள் என்பதால் படிவங்களும் கேள்விக்கொத்துகளும் எனக்குப் பழக்கமானவை. ஆனால் அந்த இரண்டு நாட்களும் நான் அதிகம் எழுதியது படிவத்தில் அல்ல, படிவத்தின் பின்பக்கத்தில். எழுதியவை எல்லாம் வள்ளத்தைப் பற்றிய சொற்கள். அவற்றைச் சொல்லித்தந்தவர்கள் பெண்கள்.

மாரி என்றால் என்ன?

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் உறவினர் 'வின்டர்' என்று தொலைபேசியில் சொல்லும்போது பனியைச் சொல்கிறார்கள். எங்களுக்குக் குளிர்காலம் என்றால் மாரி. ஐப்பசி பிறந்ததும் மேகம் இறங்கும். கார்த்திகையிலும் மார்கழியிலும் மழை விடாது பெய்யும். தை பாதிக்குப் பிறகுதான் வெயில் எட்டிப் பார்க்கும். திருகோணமலைக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் பெரும்பங்கு இந்த நான்கு மாதங்களில் பெய்வதே.

மாரியைக் கடலோரத்துப் பெண்கள் நாட்காட்டியில் பார்ப்பதில்லை, காற்றில் பார்க்கிறார்கள். காற்றுக்கு நான்கு பெயர்கள் உண்டு. வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது சோழகம். மேற்கிலிருந்து சுட்டெரித்துக்கொண்டு வருவது கச்சான். கச்சான் வீசும் மாதங்களில் காற்று தரையிலிருந்து கடலை நோக்கிப் போவதால் கிழக்குக் கரையோரக் கடல் அடங்கிக் கிடக்கும். அப்போதுதான் நீர்கொழும்பு போன்ற மேற்குக் கரை ஊர்களிலிருந்து மீனவர்கள் வந்து இங்கே வாடி அமைத்துத் தொழில் செய்வார்கள். வாடைக்காற்று தொடங்கியதும் வாடிகள் கலைந்துவிடும். கடல் கொந்தளிக்கும். சிறிய வள்ளங்கள் கடலுக்குப் போக முடியாது. அந்த மாதங்களில் ஊருக்குச் சோறு போடுவது கழிதான்.

கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிடும். மாரியில் ஆற்று வெள்ளமும் மழைநீரும் சேர்ந்து கழி நிரம்பும். நீர் தானாக மணலை உடைத்துக்கொண்டு பாயும், அல்லது வயலும் வீடும் தாழ்ந்துவிடும் என்ற நிலையில் மனிதர்கள் வெட்டிவிடுவார்கள். மட்டக்களப்பில் முகத்துவாரம் வெட்டுவதும் இப்படித்தான். வாய் திறந்ததும் கழிக்குள் வளர்ந்த இறால் கடலை நோக்கி ஓடும். நிலவில்லாத இருட்டு இரவுகளில் இந்த ஓட்டம் அதிகம். எனவே மழையும் குளிரும் இருட்டும் ஒன்றாகச் சேரும் நேரமே இவர்களுக்கு உழைக்கும் நேரம்.

வள்ளத்துச் சொற்கள்

முதல் நாள் காலையில் மழை சற்று விட்டிருந்தது. துறையில் ஏழெட்டு வள்ளங்கள் கட்டிக் கிடந்தன. பெரும்பாலானவை பைபர் வள்ளங்கள், பதினெட்டு அடி அளவானவை. மரத்தால் செய்த பழைய தோணி ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா என்னை அழைத்துச் சென்று தன் வள்ளத்தைக் காட்டினார். அவருடைய கணவர் 2007இல் இடம்பெயர்வின்போது காணாமற்போனவர்.

"என்ன மிஸ், வள்ளத்தப் பாத்துப் பயப்படுறீங்களா? வாங்க, பேர் சொல்லித் தாறன். பேர் தெரிஞ்சா பயம் போயிடும்" என்றார்.

வள்ளத்தின் முன்பக்கம் அணியம். பின்பக்கம் கடையார். பைபர் வள்ளத்தில் எஞ்சினைப் பூட்டுவது கடையாரில் உள்ள பலகையில். அந்தப் பலகையை உள்ளே வைத்துப் பைபரால் மூடியிருப்பார்கள். சிறு வெடிப்பால் நீர் உள்ளே போனால் வெளியே தெரியாமலே பலகை உக்கிவிடும். மரத் தோணியின் அடியில் நீளமாக ஓடும் முதுகெலும்பு போன்ற மரம் ஏரா. அதிலிருந்து இரண்டு பக்கமும் விலா எலும்புபோல வளைந்து எழுபவை வங்கு. பலகைகளுக்கு இடையிலுள்ள இடுக்கில் பஞ்சைத் திணித்து எண்ணெய்ப் பூச்சால் அடைக்கும் வேலை கலப்பத்து. வள்ளத்தைத் திருப்புவது சுக்கான். சிறு தோணிக்குச் சுக்கான் இல்லை, கடையாரில் இருப்பவரின் துடுப்பே சுக்கான்.

ஆழம் குறைந்த கழியில் எஞ்சின் உதவாது. பாசியும் வலையும் சுற்றிக்கொள்ளும். அங்கே மரக்கோல்தான். நீளமான கம்பைத் தரையில் ஊன்றித் தள்ளுவதை 'தாங்குதல்' என்பார்கள். "மரக்கோல் தாங்கிப் போனோம்" என்றால் ஆழமில்லாத நீரில் போனார்கள் என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும். ஆழத்தில் தண்டு வலிப்பார்கள் அல்லது சவள் போடுவார்கள். பாய் கட்டிய காலத்தில் பாயைத் தாங்கிய குறுக்குக் கம்புக்குப் பருமல் என்றும், அதை ஏற்றி இறக்கும் கயிற்றுக்கு ஆஞ்சான் என்றும் பெயர். இன்று அங்கே பாய் இல்லை. ஆனாலும் வயதான ஐயா ஒருவர் இந்தச் சொற்களைச் சொன்னபோது, பக்கத்தில் நின்ற அவருடைய பேத்தி சிரித்துக்கொண்டு, "ஆஞ்சான் எண்டா எங்கட வீட்டுக் கொடிக்கயிறு, மிஸ்" என்றாள். பாய் போய்விட்டது. கயிறு உடுப்புக் காயப்போடும் கொடியாகிவிட்டது. பெயர் மட்டும் அந்த வீட்டில் தங்கியிருக்கிறது.

தொழிலின் கணக்கும் சொற்களில்தான் இருக்கிறது. பிடித்த மீனின் காசு வள்ளப் பங்கு, வலைப் பங்கு, ஆள் பங்கு என்று பிரியும். வள்ளம் யாருடையதோ அவருக்கு வள்ளப் பங்கு. வலைக்காரருக்கு வலைப் பங்கு. போனவர்களுக்கு ஆள் பங்கு. எண்ணெய்க் காசு பொதுவில் கழியும். கணவனை இழந்த பெண் கடலுக்குப் போகாவிட்டாலும் வள்ளமும் வலையும் அவளுடையதாக இருந்தால் இரண்டு பங்கு அவளுக்கு வரவேண்டும். இந்தச் சிறு கணக்கைத் தெரியாததால் 'ஏதோ தந்ததை' வாங்கிக்கொள்ளும் பெண்களை நான் பல ஊர்களில் கண்டிருக்கிறேன்.

வள்ளத்தில் ஒரு மாரி இரவு

இரண்டாம் நாள் பின்னேரம், வலை போடப் போன ஒரு குடும்பத்துடன் நானும் போனேன். கணவனும் மனைவியும் பன்னிரண்டு வயது மகனும். கழியின் நடுவில் கம்பு ஊன்றி வள்ளத்தைக் கட்டிவிட்டு, வலையைக் காவல் காத்துக்கொண்டு விடியும்வரை அங்கேயே இருப்பது அவர்களுடைய வழக்கம். விட்டுவிட்டு வந்தால் வலை போய்விடும், அல்லது மரக்குற்றி அடித்துக் கிழித்துவிடும்.

பதினெட்டு அடி நீளம். அகலம் நான்கு அடிக்கு மேல் இல்லை. அதற்குள் ஒரு குடும்பம் இரவைக் கழிக்க வேண்டும். நடுவில் வளைத்துக் கட்டிய தடிகளின் மேல் நீலத் தறப்பாள். அதன் கீழே காய்ந்த வலையை விரித்தால் அதுவே பாய். அணியத்தில் ஒரு தகர டின்னுக்குள் அரைவாசிக்கு மணல் நிரப்பி அதன்மேல் கரி அடுப்பு. மணல் இல்லாவிட்டால் சூட்டில் பைபர் கருகிவிடும். அரிசியும் சீனியும் தேயிலையும் மூடியுள்ள பிளாஸ்டிக் வாளிக்குள். தீப்பெட்டி மட்டும் அந்தப் பெண்ணின் சட்டைக்குள், பொலித்தீன் பையில் சுற்றி. "அரிசி நனஞ்சா நாளைக்குக் காயும். நெருப்புப்பெட்டி நனஞ்சா இந்த ராவு போச்சு" என்றார்.

பகல் வைத்த சோறும், கூனிச் சம்பலும், சுடச்சுட மீன் சொதியும்தான் சாப்பாடு. பிறகு இஞ்சி போட்ட பிளேன்ரீ. மழை வலுத்ததும் வேலை ஒன்றுதான்: தண்ணீரை இறைப்பது. வெட்டிய எண்ணெய்க் கானால் அம்மாவும் மகனும் மாறி மாறி இறைத்தார்கள். எந்தப் பக்கம் தண்ணீர் சேர்கிறதோ அந்தப் பக்கம் கால் வைக்கக்கூடாது, எழும்பி நிற்கக்கூடாது, இருவர் ஒரே பக்கம் சாயக்கூடாது. இந்த மூன்றையும் அந்தப் பையன் எனக்குப் பாடம்போலச் சொல்லித்தந்தான்.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் மார்கழிக் குளிர் வெப்பமானியில் பெரிதாகத் தெரியாது. ஆனால் நனைந்த உடுப்புடன் வாடைக்காற்றில் எட்டு மணி நேரம் இருந்தால் பல் கிட்டும். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கும். உப்புநீரும் வலைக்கயிறும் சேர்ந்து உள்ளங்கையை வெடிக்கச் செய்யும். தேங்காயெண்ணெய் பூசிக்கொள்கிறார்கள். காய்ச்சலுக்கு முதல் மருந்து மல்லித்தண்ணீர்.

பெண்களுக்கு இன்னும் ஒரு துன்பம் உண்டு. அதை அவர் ஆண்கள் இல்லாத நேரத்தில்தான் சொன்னார். வள்ளத்தில் மறைவு கிடையாது. பின்னேரத்திலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார். விடியும்வரை அடக்கிக்கொள்கிறார். இதனால் சிறுநீர்த் தொற்று வந்து இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். மாதவிலக்கு நாட்களில் வள்ளத்தில் ஏறக்கூடாது என்ற பழைய விலக்கு ஊரில் இருக்கிறது. "அந்த நாலு நாள் எனக்கு லீவு எண்டு நினைச்சிருந்தன். ஆனா அந்த நாலு நாளும் ஆள் பங்கும் இல்ல" என்றார். விலக்கு என்று சொல்லப்படுவது எப்படிக் கூலி இழப்பாகவும் மாறுகிறது என்பதை எங்கள் பாடப்புத்தகங்களைவிட இந்த ஒரு வசனம் தெளிவாகச் சொன்னது. வள்ளத்தில் மூடியுள்ள வாளி ஒன்றும், ஒரு பக்கம் இழுத்துவிடக்கூடிய திரை ஒன்றும் இருந்தால் பாதித் துன்பம் குறையும். பெரிய செலவில்லை. உதவி வழங்கும் பட்டியல்களில் வலையும் எஞ்சினும் இருக்கும், இது இருக்காது. நாம்தான் கேட்டு எழுதுவிக்க வேண்டும்.

தூரதேசத்துக் கால்வாய்ப் பெண்கள்

அன்றிரவு நான் அவர்களுக்கு ஒரு கதை சொன்னேன். இங்கிலாந்தில் நாடு முழுவதும் வெட்டப்பட்ட கால்வாய்கள் இருக்கின்றன. அவற்றில் ஓடியவை ஒடுங்கிய நீளப் படகுகள்: நீளம் எழுபது அடி, அகலம் ஏழு அடி. மிகுதி இடமெல்லாம் நிலக்கரிக்கும் இரும்புக்கும். பின்பக்கத்தில் ஏறத்தாழப் பத்து அடி நீளமான ஓர் அறைக்குள் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்தது. அதற்குள் கரி அடுப்பு, மடித்து வைக்கும் கட்டில், கதவாகத் திறந்து மேசையாகும் அலுமாரி. குடிநீருக்குப் பூப்போட்ட தகரக் கான். குளிர்காலத்தில் கால்வாய் பனிக்கட்டியாக உறைந்துவிடும். குதிரைகள் இழுக்கும் பனி உடைக்கும் படகில் ஆட்கள் ஏறி நின்று இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டிப் பனியை உடைப்பார்கள். 1962-63 குளிர்காலத்தில் வாரக்கணக்கில் கால்வாய்கள் உறைந்து கிடந்தன. சரக்கு லொறிக்கும் ரயிலுக்கும் போய்விட்டது. கால்வாய்ச் சரக்குத் தொழில் அதோடு பெரும்பாலும் முடிந்தது.

ஓடிக்கொண்டே இருந்த படகில் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை. பலர் எழுத்தறியாமலே வளர்ந்தார்கள். ஜோர்ஜ் ஸ்மித் என்பவர் இதற்காகத் தொடர்ந்து குரல்கொடுத்தார். 1877இல் கால்வாய்ப் படகுகள் சட்டம் வந்தது. குடியிருக்கும் படகுகளைப் பதிவுசெய்யவும், ஒரு படகில் எத்தனை பேர் வாழலாம் என்று வரையறுக்கவும் அது வழிசெய்தது.

இரண்டாம் உலகப்போரில் ஆண்கள் போர்முனைக்குப் போனதும், 1942 அளவிலிருந்து பெண்கள் இந்தப் படகுகளை ஓட்டப் பயிற்சி பெற்றார்கள். மூன்று பெண்கள் சேர்ந்து இரண்டு படகுகள். ஒன்றில் எஞ்சின். மற்றது அதன் பின்னால் இழுபடும் படகு. அதற்குப் 'பட்டி' என்று பெயர், கூட்டாளி என்பது பொருள். ஏறக்குறைய ஐம்பது தொன் சரக்குடன் லண்டனுக்கும் பேர்மிங்ஹாமுக்கும் இடையே, மழையிலும் பனியிலும் அவர்கள் ஓட்டினார்கள். உள்நாட்டு நீர்வழி என்பதைக் குறிக்கும் ஐ.டபிள்யூ என்ற எழுத்துகள் அவர்களுடைய சின்னத்தில் இருந்தன. பார்த்தவர்கள் அதற்குச் 'சோம்பேறிப் பெண்கள்' என்று விரித்துக் கேலி பேசினார்கள். அந்தப் பெண்களில் ஒருவரான எம்மா ஸ்மித் தன் அனுபவத்தை 1948இல் நூலாக எழுதினார்.

கதையைக் கேட்ட அந்த அக்கா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "சண்டை முடிஞ்சு ஆம்பிளையள் திரும்பி வந்த பிறகு அந்தப் பொம்பிளையளுக்குப் படகைக் குடுத்தாங்களா?" இல்லை, போர் முடிந்ததும் அந்தப் பயிற்சித் திட்டமும் முடிந்துவிட்டது என்றேன். "எங்களுக்கு ஆம்பிளையளும் வரல்ல. வள்ளமும் எங்கட பேரில இல்ல" என்றார்.

வள்ளம் யாருடைய பெயரில்?

இந்த ஊர் மக்கள் ஒரு முறை அல்ல, பல முறை எல்லாவற்றையும் இழந்தவர்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வள்ளங்களை உடைத்தது. பிறகு தொண்டு நிறுவனங்கள் புதிய வள்ளங்களைக் கொடுத்தன. 2006 யூலையில் மாவிலாறு அணைக்கட்டின் மதகு மூடப்பட்டதையடுத்து மூண்ட சண்டையில் ஈச்சிலம்பற்றுப் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்து வாகரைக்குப் போனது. அங்கிருந்து காட்டு வழியாகவும் நீர் வழியாகவும் மட்டக்களப்பு முகாம்களுக்குப் போனார்கள். 2007இல் மீள்குடியேற்றம் தொடங்கியது. உழவு இயந்திரப் பெட்டியில் வள்ளத்தை ஏற்றிக்கொண்டு ஓடியதை ஒரு பெரியம்மா சொன்னார். ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்ற பழமொழியைச் சிறுவயதில் சிரித்துக்கொண்டு படித்தவர், அதைக் கண்ணால் கண்டாராம். திரும்பி வந்து பத்து மரக்கறிக் கன்று நட்டு நிமிரும்போது 2011 தையில் பெருவெள்ளம்.

கொடுத்த வள்ளங்கள் பெரும்பாலும் குடும்பத் தலைவன் என்று எழுதப்பட்ட ஆணின் பெயரிலேயே பதிவாகின. அவர் இறந்தாலோ காணாமற்போனாலோ வள்ளம் துறையில் இருக்கும், ஆனால் கடதாசியில் அதற்கு ஆள் இருக்காது. பதிவைப் புதுப்பிக்க முடியாது. புயலில் உடைந்தால் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்க முடியாது. விற்கவும் முடியாது. கணவரின் தம்பியோ அயலவரோ ஓட்டி, விரும்பியதைக் கொடுப்பார்.

என்னை அழைத்துச் சென்ற அக்காவுக்கும் இதுதான் நிலை. ஆனால் அவருக்கு வள்ளத்தின் பெயர்கள் தெரிந்திருந்தன. தகப்பன் தோணி கட்டும்போது பக்கத்தில் இருந்து கலப்பத்துக்குப் பஞ்சு திரித்துக் கொடுத்தவர். அதற்கு முந்திய ஆண்டு வள்ளம் பழுதானபோது, ஓட்டியவர் மூன்று இடத்தில் பைபர் வேலை செய்ததாகவும் கடையார்ப் பலகையை மாற்றியதாகவும் சொல்லி, அந்தச் செலவை வள்ளப் பங்கில் கழித்துவிட்டார். அக்கா துறைக்குப் போய் வள்ளத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். அணியத்தில் ஒரு வெடிப்பு மட்டுமே அடைக்கப்பட்டிருந்தது. கடையார்ப் பலகையில் கைவிரலால் தட்டினார். உக்கிய சத்தம். பழைய பலகைதான். சங்கக் கூட்டத்தில் எழுந்து, அணியம், கடையார் என்று ஒவ்வொரு இடமாகச் சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை. கழித்த காசில் பெரும்பகுதி மூன்று மாதத்தில் திரும்பி வந்தது.

"பேர் தெரியாத சாமான் நம்மட சாமான் இல்ல, மிஸ். 'அந்த முன்னுக்கு இருக்கிறது, இந்தப் பின்னுக்கு இருக்கிறது' எண்டு சொன்னா சிரிச்சிட்டுப் போயிடுவாங்க" என்றார்.

கடதாசி விடயத்தை நாங்கள் சேர்ந்து பார்த்தோம். இதே நிலையில் உள்ள மற்றச் சகோதரிகளுக்கும் உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, காணாமற்போன ஒருவரின் குடும்பத்துக்கு இறப்புச் சான்றிதழ் எடுப்பது ஒன்றே வழி என்று நினைக்க வேண்டாம். 2016இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, ஒருவர் காணாமற்போயுள்ளார் என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் காணக்கிடைக்காமைச் சான்றிதழைப் பெறலாம். அது அவர் இறந்துவிட்டார் என்று சொல்லாது. எனவே "நான் அவர் செத்ததாகக் கையெழுத்து வைக்கமாட்டேன்" என்று சொல்லும் பெண்கள் தங்கள் நம்பிக்கையையும் தேடலையும் விடாமலே சொத்து, உதவி தொடர்பான அலுவல்களைப் பார்க்க அது வழி தருகிறது. கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் இதைப் பற்றிக் கேளுங்கள்.

இரண்டாவது, மீன்பிடி வள்ளங்கள் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின் கீழ் பதிவுசெய்யப்பட வேண்டும். உங்கள் வள்ளத்தின் அணியத்தில் எழுதியிருக்கும் இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எஞ்சின் இலக்கத்தையும் எழுதுங்கள். பெயர் மாற்றத்துக்கு என்ன பத்திரங்கள் வேண்டும் என்று உங்கள் பகுதிக் கடற்றொழில் பரிசோதகரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் கிடைக்கும் பதில் அடுத்த அலுவலர் வந்ததும் மாறிவிடும்.

மூன்றாவது, கடற்றொழில் சங்கத்தில் கணவரின் பெயருக்குப் பதிலாக உங்கள் பெயரில் அங்கத்துவம் கேளுங்கள். கழியில் இறால் பிடிப்பதும், வலை பின்னுவதும், மீன் காயவைப்பதும் கடற்றொழில்தான்.

துறையில் கவனம்

பாலம் இல்லாத துறைகளில் பிள்ளைகள் இன்றும் தண்ணீரைக் கடந்தே பள்ளிக்கூடம் போகிறார்கள். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, அதற்குப் பதிலாக ஓடிய பாதை கவிழ்ந்தது. பாடசாலைப் பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே இறந்தார்கள். அதுவும் கார்த்திகை மாதம், மாரிகாலம். அந்தத் தாய்மாரின் கண்ணீரை நாம் செய்தியாக மட்டும் படித்துவிட்டு மறக்கக்கூடாது.

பாதையிலும் தோணியிலும் எத்தனை பேர் ஏறலாம் என்பதை ஓட்டுபவரிடம் கேட்பது நம் உரிமை. "ஆள் கூடிப்போச்சு, நான் அடுத்த முறை வாறன்" என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். பிள்ளைகளுக்கு உயிர்காப்பு அங்கி கேட்டுச் சங்கமாகக் கடிதம் எழுதுங்கள். இல்லாத இடத்தில் மூடி இறுக்கிய வெற்றுப் பிளாஸ்டிக் கான் ஒன்றைப் பிள்ளையின் பக்கத்தில் வையுங்கள், பிடித்து மிதக்க உதவும். வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கை விடுத்த நாளில், வலை போனாலும் பரவாயில்லை, வள்ளத்தை இறக்கவேண்டாம். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் நாட்டையே வெள்ளக்காடாக்கியதைக் கண்டவர்கள் நாம். ஆபத்து வேளையில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

கடலும் காற்றும் இந்தக் கரைக்கு எத்தனையோ பேரைக் கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன. 1659 நவம்பரில், இதே மாரிப் புயல் ஒன்றில் மசூலிப்பட்டினத்தருகே பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் புதிய மரம் தேடிக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. அதில் வந்த ரொபட் நொக்ஸ் என்ற இளைஞர் மூதூர்ப் பகுதியில் கண்டி மன்னரின் ஆட்களால் பிடிக்கப்பட்டு, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இந்நாட்டில் கைதியாக வாழ்ந்தார். 1681இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் வரலாறாகப் படிக்கப்படுகிறது. ஒரு பாய்மரம் முறிந்த கதையை உலகம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நினைவில் வைத்திருக்கிறது. எழுதி வைத்ததால்தான்.

எங்கள் பெண்கள் கடந்த மாரிகளும் எழுதப்பட வேண்டியவை. இலங்கைத்துறையில் பத்துப் பெண்கள் இப்போது ஒரு கொப்பி வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் வள்ளத்தின் உறுப்புகளின் பெயர்கள். மறுபக்கத்தில் வள்ள இலக்கம், எஞ்சின் இலக்கம், ஒவ்வொரு நாளும் வந்த பங்கு. எழுதத் தெரியாதவருக்கு மகள் எழுதிக் கொடுக்கிறாள். உங்கள் துறையில் வள்ளத்தின் பின்பக்கத்துக்கு வேறு பெயர் இருக்கலாம். அதையும் உங்கள் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.